உச்சி வேளையில் வருகிறவன்

"யாரு நீ? என் வூட்ல இன்னா பண்ற?"

கண்ணாயிரம் இப்படிக் கேட்டது வேறு யாரையும் அல்ல, இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் மனைவி மணியம்மாளைத்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. உடம்போ சில்லென்று இருந்தது.

உச்சி வேளை. பாவி, இன்றைக்கும் வந்துவிட்டான்!

"ஐயோ, நான்தாங்க மணியம்மா! என்னைப் பாருங்க!"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமினார். 

போன மாதம் வரை கண்ணாயிரம் நூற்று முப்பது கிலோ. சந்தவாசல் கிராமத்தில் அவர் ஏறினால் மாட்டு வண்டியே முனகும். சர்க்கரை நோய் வேறு. சென்னையில் இரைப்பையைச் சின்னதாக்கி ஆபரேஷன் செய்தார்கள். துணைக்குப் போனது அவர் தம்பி சேட்டுதான்; மணியம்மாளுக்கு நிலத்தை விட்டு நகர முடியவில்லை. வீடு திரும்பியபோது பதினெட்டு கிலோ குறைந்திருந்தார். ஒரு கரண்டி கூழுக்கு மேல் இறங்கவில்லை.

வந்த மறுநாளே இந்தக் கூத்து ஆரம்பம். இன்றோடு பத்து நாள்.

ஜவ்வாது மலையிலிருந்து வரவழைத்த பூசாரி கோவிந்தன், மந்திரம் சொல்லிக்கொண்டே கண்ணாயிரத்தின் நாக்கில் தேனைத் தடவினார்.

"ஆபரேஷன்ல செத்தவன் எவனோ, அறுத்த வயித்து வழியா உள்ள பூந்துகினான். தேன் பட்டா ஓடிப்புடுவான், பாரு."

"சர்க்கரைக்காரருக்குத் தேனாங்க!" என்று மணியம்மாள் தினமும்தான் அழுகிறாள். ஆனால் யார் கேட்கிறார்கள்?

கால் மணி நேரத்தில் கண்ணாயிரம் தூங்கி எழுந்தவர்போலப் பார்த்தார். "மணியம்மா... இன்னாடி ஆச்சு எனக்கு?"

பூசாரி அவளை வாசலுக்குக் கூட்டிப்போனார். "நாளுக்கு நாள் முத்திகினே வர்றான்மா. அமாவாசைக்குள்ள உன் புருஷனை இட்டுகினு போய்டுவான்."

"வுட மாட்டேன்! அவருக்குச் செய்யறதுல ஒரு வேள கொற வெச்சதில்ல. என் உசிரு இருக்கறவரைக்கும் பாத்துப்பேன்!" அவள் விம்மினாள்.

அந்த நேரம் பார்த்து ஹெல்த் நர்ஸ் மதலேனாள் வந்தாள். நோயாளியை விசாரித்துப்போக வந்தவள், நடந்ததைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனாள்.

"தேன் குடுத்தா தெளியறாரா? ஆஸ்பத்திரியில சீட்டு குடுத்தாங்களே, எங்க?"

மணியம்மாள் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சேட்டு கையில் கொடுத்ததோடு சரி, விவரம் சொல்லவில்லை. இங்கிலீஷ் எழுத்து. ஒருவருக்கும் படிக்கத் தெரியாததால், குங்குமம் வைத்துப் பத்திரமாகச் செருகியிருந்தாள்.

மதலேனாள் படித்தாள். "ஆபரேஷன் ஆன அஞ்சாம் நாளே, எடை எறங்கறதுக்கு முன்னாடியே, ரத்தத்துல சர்க்கரை தானா எறங்கிடுச்சாம். இனிமே சர்க்கரைக்குப் போடற இன்சுலின் ஊசி போடவே கூடாது, போட்டா சர்க்கரை ரொம்ப எறங்கி புத்தி தடுமாறும்னு எழுதியிருக்காங்க."

மணியம்மாள் உள்ளே போனாள். ஈர மணல் பானையிலிருந்து ஒரு சின்ன மருந்து சீசாவை எடுத்து வந்து நீட்டினாள். 

"ஆறு வருஷமா போடற அதே அளவுதான் சிஸ்டர்... ஒரு நாள்கூடத் தவறாம, இன்னிக்குக் காலையிலயும் நான்தான் போட்டேன்."