வளையத்து எண்

சிலிகா ஏரியின் நாணல்களுக்குள் வெளிச்சம் மெல்லப் பரவுகிறது. துர்யோதன் சீட்டி அடித்தால் வாத்து தானாக வந்து கையில் கழுத்தைக் கொடுக்கும் என்று ஒரு காலத்தில் ஊரே பேசும். இப்போது அவர் காக்கிச் சட்டை போட்ட பறவைக் காவலர், இனி வேட்டையில்லை என்று காளிஜாயி அம்மன்முன் சத்தியம் செய்தவர். சேற்றுத்திட்டில் ஒற்றை ஆண் சக்கரவாக வாத்து நிற்கிறது. அதன் ஜோடி எங்கே என்று இவரிடம் யாரும் கேட்பதில்லை. பறவைக் கணக்குக்காக அதன் காலில் மாட்டிய வளையத்து எண்ணை இன்று கிட்டத்தில் படித்தாக வேண்டும். “கூப்பிடுண்ணே, கொல்லவா போற?” என்று படகுக்காரன் கோகுளி சீண்டுகிறான். “சத்தியத்துல சீட்டியும் சேத்திதான்டா.” “அப்ப நீயே எறங்கிப் போய்க் கேளு, சொல்லும்.” துர்யோதன் உதட்டைக் குவிக்கிறார். அவர் சீட்டி பெட்டையின் குரலாக நீர்மேல் போகிறது. பறவை தலை நிமிர்ந்து, இத்தனை நாளும் இதற்கே காத்திருந்ததுபோல, சேற்றில் நேராகப் படகை நோக்கி நடந்து வருகிறது. கோகுளி எண்ணை எழுதிக்கொள்கிறான். துர்யோதனின் வலது கை, படகுக்கு வெளியே, ஒரு கழுத்தின் அளவுக்கு வளைந்து நிற்கிறது.