வாரம் முழுக்கப் பாடிய ஆம்ப்ளிஃபையர்

ஒரு வாரம் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் பிடித்திருக்கிறதா என்று விசாரிக்கக் கடைக்காரர் வந்திருந்தார்.

"பிடிச்சிருக்காவா? தேன் சார், தேன்!" என்றார் கணவர். "பாடுறவங்க மூச்சு விடுறது கூட கேட்குது. இத்தனை வருஷமா அந்தப் பழைய தகர டப்பாவையா கேட்டுட்டு இருந்தேன்னு வெட்கமா இருக்கு. வேணும்னா இவளையே கேளுங்க."

"ஆமா, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் மனைவி.

புதிய ஆம்ப்ளிஃபையரின் கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தன. ஒயர்களைச் சரிபார்க்கக் குனிந்த கடைக்காரர், தயங்கியபடி நிமிர்ந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு ஆம்ப்ளிஃபையர்ல எது பாடணும்னு மாத்துற சுவிட்ச் பழசுலயே இருக்கு. புதுசு சும்மா எரிஞ்சுட்டு மட்டும்தான் இருந்திருக்கு. வாரம் பூரா நீங்க கேட்டது அந்தத் தகர டப்பாவைத்தான்."

கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்" என்றாள் மனைவி மெதுவாக. "தூசி தட்டும்போது பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"கல்யாணமாகி பதினாலு வருஷம். பாட்டு போட்டா கதவைச் சாத்திக்குவீங்க. இந்த வாரம்தான் தினமும் 'வா, பக்கத்துல உட்காரு, எப்படி இருக்குன்னு சொல்லு'ன்னு கூப்பிட்டீங்க. அதைக் கெடுத்துக்க மனசு வரல."

அவர் சோபாவில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே" என்றார் கடைக்காரரிடம்.

"தாராளமா சார். சுவிட்சை மாத்தி வச்சுட்டுப் போறேன்."

"வேண்டாம்," என்றார் கணவர் அவசரமாக, "அதைத் தொடாதீங்க!"