சன்னாசி நடந்த லண்டன்

லண்டனில் நர்ஸ் படிக்கும் மகளை ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு, மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார் சன்னாசி. அது எழுபத்தாறாம் வருஷம்.

"மக படிக்கப் போயிரும். நீ என்னா செஞ்சே?" என்றார் கங்காணி ரெங்கசாமி.

"ஹாஸ்டல்ல தங்கி, தெனம் ஊரச் சுத்திப் பாக்க நடந்தே கெளம்புவேன்."

"ராணி அரண்மனை பாத்தியா?"

"இல்ல. தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் போனேன்."

"ஒரு வாரமாவா? கால் வலியா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. எதிர்ல துரை வந்தா ஒதுங்கி, தொப்பியக் கழட்டி, அவரு போற வரைக்கும் நிக்கணும்ல? அங்க வர்றது பூரா துரைங்க லா."

கங்காணிக்குப் பெருமை தாங்கவில்லை. "தோட்டத்து மரியாதையக் காப்பாத்திட்டே. அவங்க பதில் சலாம் வெச்சாங்களா?"

"அதுக்கும் மேல. கழட்டுன தொப்பியில காசு போட்டுட்டுப் போனாங்க."