அவர் சொன்ன ஆம்

கட்டிலில் நோயாளி. தலைமாட்டில் முக்காலி போட்டு அவர் மனைவி. சுவரோரம் நாற்காலியில் அவருடைய அண்ணன். சன்னலில் சாய்ந்தபடி மருத்துவர். கால்மாட்டில், மடியில் கணினியோடு, மூளை அலைகளைக் கணக்குப் போடுகிறவள்.

நோயாளியின் தலையில் கம்பிகள் வைத்த தொப்பி. காதுகளில் வெளிச்சத்தம் நுழையாத அடைப்பு. கேள்விகள் அதற்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாக மட்டுமே போகும். எல்லாம் மனைவியின் குரலில் முன்பே பதிவு செய்தவை. அவளும் தன் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு கூடவே கேட்பாள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் இமையைக்கூட அசைக்கவில்லை. "நமக்கு ரெண்டு பொண்ணா?", "நீங்க வாத்தியாரா?" என்று விடை தெரிந்த கேள்விகளாகக் கேட்டுக் கேட்டு, எந்த அலை ஆம், எந்த அலை இல்லை என்று கணினியைப் பழக்கியிருந்தார்கள். ஆம் என்றால் திரையில் பச்சை.

"கல்யாணமான நாள்லேர்ந்து வாயே திறக்காதவன்," என்றார் அண்ணன். "தலையில கம்பிய மாட்டினதும் என்னமா பேசறான் பாரு!"

மனைவி சிரித்துவிட்டாள். அவள் கை எப்போதும்போல அவர் நெற்றியில், தொப்பியின் ஓரத்தில் இருந்தது.

இன்று கேள்வி ஒன்றுதான். மருத்துவமனைக் குழு அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தது.

"மூச்சு மிஷினை எடுத்துடச் சொல்றீங்களா?"

பச்சை.

மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் பச்சை.

அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவரைத் தேற்ற மருத்துவரும் போனார்.

மனைவி அழவில்லை. "அவரே சொல்லிட்டாரும்மா," என்றாள், இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்தவள் மாதிரி.

கம்பிகளைச் சுருட்டும்போதுதான் கணக்குப் போடுகிறவள் பார்த்தாள். நோயாளியின் காதுக்குப் போகும் கம்பி கணினியிலிருந்து கழன்றிருந்தது. போர்வைக்கு அடியில் கிடந்தது.

அவருக்கு எந்தக் கேள்வியும் போகவில்லை.

கம்பியைச் செருகினாள். மனைவியை அண்ணனின் நாற்காலிக்கு வரச் சொன்னாள். பழைய கேள்விகள் அத்தனையும் ஓடின. பெண்கள், வாத்தியார், வீடு. திரை தேமே என்று கிடந்தது.

கம்பியைப் பிடுங்கினாள். மனைவியைப் பழையபடி நெற்றியில் கை வைக்கச் சொல்லி, கேள்விகளை மறுபடி ஓட்டினாள்.

பச்சை.

மனதுக்குள் ஆம் என்னும்போதெல்லாம் அந்த விரல்கள் லேசாக அழுந்தியிருக்கின்றன. மாதக்கணக்காகக் கணினி படித்தது அந்த அழுத்தத்தைத்தான். கையை எடுங்கள் என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் மனம் வந்ததில்லை. கணக்குப் போடுகிறவளுக்கும்தான்.

சொன்னாள். மனைவியிடம் மறைக்காமல் சொன்னாள்.

மனைவி தன் கையை மடியில் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடலாம்னு நினைக்கக்கூட மாட்டேன்னுதானே இருந்தேன்," என்றாள். பிறகு, "கம்பி கழண்டிருந்ததுன்னு மட்டும் எழுதிடும்மா. அவங்க அண்ணன் படிப்பாரு."

அந்த உடம்புக்குள் அவர் இருக்கிறாரா என்று கேட்க இனி வழியில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூச்சு மிஷின் ஓடிக்கொண்டேயிருக்கும்.

கணக்குப் போடுகிறவள் குழுவுக்கு எழுதினாள். காதுக் கம்பி கழன்றிருந்தது. சரிசெய்த பின் பதில் ஏதும் வரவில்லை. முன்பு வந்தது நோயாளியின் பதில் அல்ல.

யாருடையது என்று எழுதவில்லை.

உறையை ஒட்டி, வாசலில் நின்ற அலுவலக ஊழியரிடம் கொடுத்தனுப்பினாள்.