உடம்புச் சூடு

யாழ்ப்பாணத்து ஆய்வுகூடமொன்றின் நீல விளக்கொளியில், உயிர்க்கல அச்சு இயந்திரத்தின் ஊசி, எலும்புபோலச் செய்த வெள்ளைத் துண்டுக்குள் இளஞ்சிவப்புக் கூழை நூல்நூலாக இறக்கிக்கொண்டிருக்கிறது. இரத்தக் குழாய்களாக வளரவேண்டிய உயிர்க்கலங்கள் அந்தக் கூழில் இருக்கின்றன. குருநகர் சிசிலியா கொடுத்த தொப்புள்கொடியிலிருந்து எடுத்தவை. அவளுடைய பிள்ளை பிறந்த அன்றைக்கே இறந்துபோய்விட்டது, மூன்று கிழமையாகிறது. பார்க்கவேண்டும் என்று கேட்டு வந்தவள் கண்ணாடிக் கதவோடு ஒட்டி நிற்கிறாள். “உதுகள் உயிரோடையோ இருக்குது, தங்கச்சி?” “ஓம் அக்கா,” என்கிறாள் ஆய்வாளர் கஜானி, ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல். “குளிராதோ?” கஜானி இப்போதுதான் திரும்புகிறாள். “இல்லை அக்கா. உடம்புச் சூட்டிலைதான் வைச்சிருப்பம்.” சிசிலியா தலையசைக்கிறாள். வேலை முடிந்த இயந்திரம் மெல்லிய குரலில் சிணுங்கத் தொடங்குகிறது. அதை நிறுத்தக் கஜானி கை நீட்டுமுன், சிசிலியாவின் சட்டை மார்புப் பக்கம் பாலில் நனைந்துவிடுகிறது.