வீரசிங்கத்தின் மணி

மணி மூன்று தடவை அடித்தது. ஆபத்து நீங்கிவிட்டது, வெளியே வந்து வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம்.

தையல் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த பதுங்குகுழிக்குள் ஒருத்தியும் அசையவில்லை.

தங்கேஸ்வரிக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். குண்டுவிமானங்கள் வந்துபோய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. துறைமுகத்தில் எண்ணெய் எரிகிற நாற்றம் தொண்டையைக் கரித்தது.

ஆனால் பத்து மணிக்குக் கடற்படை லொறி வரும். அதற்குள் ஐயாயிரம் மண்மூட்டைச் சாக்கு தைத்துக் கட்டியிருக்க வேண்டும்.

சாக்குக் கொம்பனிக்கு வயது பதினாலு மாதம். புளியமரத்தடியில் ஆறு பெண்களோடு தொடங்கியது. சண்டை வளர வளர அதுவும் வளர்ந்து, இப்போது நூற்றி நாற்பது பேர், மூன்று கொட்டில்கள், கணக்கு வழக்குப் பார்க்க ஒரு கந்தோர், கந்தோருக்குள் மனேச்சர் வீரசிங்கம். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். மனேச்சரும் அப்படித்தான்; இருமினாலும் ஏசுவார், தண்ணீர் குடிக்கப் போனாலும் ஏசுவார்.

அப்படிப்பட்ட மனிதரையும் ஒரு விஷயத்தில் பெண்கள் மதித்தார்கள். கொழும்பில் குண்டு விழுந்த மறுநாள் பாதிப் பேர் தங்கள் ஊரான சல்லிக்கே ஓடிப்போனபோது, அவர் மணிக்கம்பத்தடியில் நின்று சொன்னார்:

"மணியடிக்கிறதுக்கு நான் வெளியில நிப்பன். நான் நிக்கிற இடத்தில நீங்கள் நிண்டாப் போதும்."

அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டுதான் தங்கேஸ்வரி சல்லியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். முதல் ஆறு பேரில் அவளும் ஒருத்தி, பெண்களுக்குக் கங்காணி. ஓடிப்போனவர்களைத் திருப்பிக் கூட்டி வந்தாள். அன்னலட்சுமியின் தாய் மகளை விடவே மாட்டேன் என்றாள். தங்கேஸ்வரி அவள் கையைப் பிடித்து, தான் பொறுப்பு என்று சொன்னாள்.

மணி மறுபடியும் மூன்று தடவை அடித்தது.

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அன்னலட்சுமி.

"அந்த மனுசன் தனிய வெளியில நிண்டு மணியடிக்குது, நீங்கள் குழிக்குள்ள ஒளிக்கிறியளோ? வெக்கமில்லை? எழும்புங்கோடி!"

வெட்கம் வேலை செய்தது. ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். அன்னலட்சுமி சேலையை உதறிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவள் கொட்டிலின் பின்வாசலை எட்டியபோதுதான் கடல் பக்கமிருந்து மறுபடியும் இரைச்சல் வந்தது.

மற்றவர்கள் குழிக்குள் திரும்பிப் பாய்ந்தார்கள். மண் எழும்பி விழுந்தது. தங்கேஸ்வரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலில் அன்னலட்சுமி கிடந்தாள். கூப்பிட்டாள், பதில் இல்லை. ஏறி ஓடிப்போய் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

அந்தத் தாயின் முகத்தில் இனி எப்படி முழிப்பாள்?

மனேச்சர் வெட்டவெளியில் நிற்கிறாரே என்ற நினைப்பு அப்போதும் அவளுக்கு வந்தது. அவரையாவது இழுத்துக்கொண்டு வரலாம் என்று கொட்டிலைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினாள்.

கம்பத்தடியில் யாரும் இல்லை.

மணியின் நாக்கில் சாக்குத் தைக்கிற கயிறு புரியாக முறுக்கிக் கட்டியிருந்தது. அது தரையோடு நீண்டு போய், கந்தோருக்குப் பக்கத்தில் தென்னங்குற்றி அடுக்கி மூடிய ஒரு குழிக்குள் இறங்கியது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு விறைத்தது.

ஒன்று.

விமானங்கள் இன்னும் தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தன.

இரண்டு.

கொட்டிலுக்குப் பின்னால் பெண்கள் எழும்புகிற சத்தம் கேட்டது.

தங்கேஸ்வரி எட்டி மணியின் நாக்கைப் பிடித்தாள்.

குழிக்குள்ளிருந்து அவர் வெடுக்கென்று இழுத்தார். பிறகு இன்னும் பலமாக இழுத்தார்.

அவள் விடவில்லை.