கோல்மனின் பட்டினி

அயர்லாந்தில் வீடு வாங்கிய இசக்கியப்பனுக்குத் தோட்டத்து மண்மேட்டைச் சமன்செய்து, முருங்கை வளர்க்கக் கண்ணாடிக் கூடாரம் போட ஆசை. ஆனால் அந்த மேடு ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மடத்தின் மதில். அங்கே புதைந்திருந்த எலும்பிலிருந்து விஞ்ஞானிகள் பேசும் ஒளியுருவமாக மீட்டெடுத்திருந்த கோல்மன் என்ற துறவியிடம், சட்டப்படி சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புக் கருவி வழியே கோல்மன் செந்தமிழில் மறுத்தார்.

இசக்கியப்பன் மண்வெட்டியை எடுத்தார். கோல்மன் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

“அநீதி இழைப்பவரின் வாசலில் பட்டினி கிடப்பது எங்கள் வழக்கம்.”

“வெளிச்சத்துக்கு ஏதுவே பசி?” என்று இசக்கியப்பன் சிரித்தார். அவர் மனைவி பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

“வாசல்ல ஒருத்தர் பட்டினியா இருக்கும்போது எனக்குச் சோறு இறங்காது” என்று அடுப்பை அணைத்தாள்.

மறுநாளும் அடுப்பு எரியவில்லை. இசக்கியப்பன் கடையில் சாப்பிடக் கிளம்பினார். படியில் இருந்த கோல்மன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாண்டிப் போக முடியாமல் இசக்கியப்பன் உள்ளே திரும்பிவிட்டார்.

சாயங்காலம், “மேடு அப்படியே இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

பொற்கொடி சுடச்சுடச் சோறும் புளிக்குழம்பும் ஆக்கி, கோல்மனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். இசக்கியப்பன் கையை நீட்டினார்.

“பொறுங்க. பட்டினி கிடந்தவர் முதல்ல கை வைக்கட்டும்” என்று பொற்கொடி தடுத்தாள்.

கோல்மன் நெகிழ்ந்துபோனார். கண்களை மூடி, தம் மடத்தில் வாழ்ந்த துறவிகளை ஒவ்வொருவராகப் பெயர்சொல்லி வாழ்த்தும் ஜெபத்தைத் தொடங்கினார். பெரிய மடம். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.